புள்ளிக்கு அப்புறம்

“செருப்பைக் கழட்டு கண்ணு. குதிகாலைக் கம்பத்தோட ஒட்டி வை. மேல பாக்காத, என்னைப் பாரு.”

பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டுகிறது. அந்த அம்மா அளவுக் கம்பத்தின் தட்டை மெதுவாக உச்சந்தலை வரை இறக்குகிறார். கொண்டை போட்டிருந்தால் அதைக் கலைக்காமல் ஒரு விரலால் ஓரம் தள்ளிவிடுகிறார். கம்பத்தின் சின்னத் திரையில் எண் விழுகிறது: 118.73. உடனே இடுப்புப் பையிலிருந்து போன் வெளியே வருகிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டுகிறார். புள்ளி வரும்போது மட்டும் விரல் கொஞ்சம் அழுத்தமாக விழுகிறது. கடைசியாகப் பச்சைப் பொத்தான். 119. போனைத் திருப்பிப் பிள்ளையின் அப்பாவிடம் காட்டுகிறார்.

“பாத்துக்குங்க சார். நான் சொல்லல. இது சொல்லுது.”

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் பாம்பு ரயில் என்று ஒன்று ஓடுகிறது. வளைந்து நெளிந்து மேலே ஏறி, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, அடிவயிறு கலங்கக் கீழே இறங்கும். நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்கள் ஏறக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த அம்மாவின் வேலை. பூங்காவில் எல்லோருக்கும் அவர் ‘ரவுண்டு அக்கா’. பெயரைக் கேட்டுவிட்டுப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பருமனான ஒருத்தரைத் தேடிக்கொண்டு போவார்கள். அக்காவோ கொடியில் காயப் போட்ட துண்டு மாதிரி இருப்பார்.

பெயர் வந்தது அந்தப் போனால். அளவுக் கம்பம் புள்ளிக்கு அப்புறமும் இரண்டு இலக்கம் காட்டும். அந்த இரண்டு இலக்கத்தை வைத்துத்தான் அத்தனை சண்டையும். மேனேஜர் ஒருநாள் வந்து, அரையும் அதற்கு மேலும் என்றால் மேலே ஏற்றுங்கள், அரைக்குக் கீழே என்றால் கீழே இறக்குங்கள், முழு எண்ணாக ரவுண்டு பண்ணிவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விரல் மடக்காமல் போடும் கணக்கு. அக்காவுக்கும் தெரியும். ஆனால் கண் தளும்ப ஒரு பிள்ளை எதிரே நின்றால், 119.2 அவருக்கு 119.5 மாதிரித் தெரிய ஆரம்பித்துவிடும். “போகட்டும் பாவம், ஒரு நூலுதானே” என்று கதவைத் திறந்துவிடுவார்.

அப்படி அனுப்பிய ஒரு பையனைத்தான் வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஆபரேட்டர் இறக்கிவிட்டார். தோளை அழுத்திப் பிடிக்க வேண்டிய தடுப்புக் கம்பி அவன் காதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அக்காவைத் திட்டவில்லை. அவராகவே படிக்கட்டில் போய் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தார். டிக்கெட் கவுன்டரில் இருக்கும் பெண்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனில் எண்ணை ரவுண்டு பண்ணும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். எண்ணைப் போட ஒரு கட்டம், எத்தனை இலக்கம் வரைக்கும் வேண்டும் என்று கேட்க ஒரு வரிசை, ஒரு பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். “இதுக்கு இரக்கம் கிடையாதுக்கா. யாரு அழுதாலும் ஒரே பதில்தான்” என்றாளாம்.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம். 124.00 என்று பட்டவர்த்தனமாக விழுந்தாலும் அதில் போட்டுப் பார்க்காமல் அக்கா கதவைத் தொடுவதில்லை. பக்கத்தின் ஓரத்தில் எப்போதும் உயரமாக வளர மாத்திரை விளம்பரம் ஓடும். “கமிஷன் உண்டாம்மா?” என்று ஓர் அப்பா கேட்டார். அக்கா அதற்கும் சிரித்துக்கொண்டே நின்றார். காலுறைக்குள் மடித்த அட்டையைச் செருகிக்கொண்டு வரும் பிள்ளைகளை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அதட்ட மாட்டார். “அது உறுத்துமே கண்ணு, எடுத்துடு” என்பார்.

வீட்டில் இந்தப் பச்சைப் பொத்தான் இல்லை. அதனால் முன்னறையில் ஒரு டிரெட்மில் நிற்கிறது. எதிர் வீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது, வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா கதவை அகலத் திறந்துவிட்டார். இப்போது அதன் கைப்பிடிகளில் சீருடை காய்கிறது. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். சோபாவுக்கு இடமில்லாமல் டிரெட்மில் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தபடி, “உன் வாய்ல எல்லா வார்த்தையும் வருது. மாட்டேன்னு ஒண்ணு மட்டும் வர மாட்டேங்குது” என்பார்.

அந்த ஒரு வார்த்தை வராமல்தான் தங்கையோடு பேச்சு நின்றுபோனது. தங்கை இரண்டாவது பிள்ளையை எதிர்பார்த்திருந்தாள். அவள் கணவருக்கு வெளியூரில் வேலை. பக்கத்தில் வந்து இருப்பதாக அக்கா சொல்லியிருந்தார். அதே வாரம் நாத்தனார் வீடு மாற்றினார். அங்கேயும் ஒத்தாசைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் இதை முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்து, நாத்தனாரின் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது தங்கைக்கு வலி கண்டுவிட்டது. பெரிய பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தனியாக ஆட்டோ ஏறினாள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தங்கை தூங்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பிறகு பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் போனில் ஒரு கைகூப்பும் பொம்மை வரும். அவ்வளவுதான் உறவு.

அப்படி இருக்கையில்தான் போன விடுமுறையில் ஒரு செய்தி வந்தது. பெரியவள் பாம்பு ரயிலில் போக வேண்டும் என்று உயிரை வாங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று தங்கை எழுதியிருந்தாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ‘வாங்க வாங்க. நானே ஏத்தி விடறேன்’ என்று பதில் போட்டுவிட்டு, அதைப் பலமுறை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரிசை நீண்டிருந்தது. இரட்டைப் பின்னலோடு பெரியவள் முன்னால் வந்தாள். பின்னால் அவள் அப்பா. அவருக்கும் பின்னால், தோளில் தூங்கும் மகனோடு தங்கை. “பெரியம்மா” என்று கூப்பிட்டுவிட்டு, சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள் பெண். தட்டு இறங்கியது. 119.46.

அக்கா போனில் போட்டார். 119 என்று வந்தது. கை பழக்கத்தில் திரும்பிக் காட்டியது. வாய் மட்டும் வழக்கமான வாசகத்தைச் சொல்லவில்லை.

தங்கையின் கணவர் கலகலப்பானவர். குடுங்கக்கா என்று போனை வாங்கினார். 119.46 போட்டு, புள்ளிக்கு அப்புறம் ஓர் இலக்கம் வரைக்கும் என்று தட்டினார். 119.5 வந்தது. அந்த 119.5-ஐத் திரும்பப் போட்டு, முழு எண் கேட்டார். 120 வந்தது.

“பாருங்கக்கா. உங்க ஆளே சரின்னு சொல்லிட்டாரு.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சொந்தக்காரப் பிள்ளைதானே, விடுங்கம்மா என்று பின்னாலிருந்து யாரோ பரிந்து பேசினார்கள். அக்கா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே உயரத்துக்கு ஒரே பக்கம் எப்படி இரண்டு பதில் சொல்லும் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவகாசமும் இல்லை. தங்கை கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “ஏத்தி விடறேன்னு நீதானே எழுதின?” என்றாள்.

அக்கா போனை வாங்கி இடுப்புப் பைக்குள் போட்டார். ஜிப்பை இழுத்து மூடினார். பெண்ணின் தோளில் கை வைத்தார். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

“மாட்டேன்.”

“என்னக்கா?”

“ஏத்த மாட்டேன் மாப்பிள்ளை. இது என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். கம்பி இவ தோள்ல உக்காராது.”

பெண்ணின் உதடு பிதுங்கியது. அவள் அப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கினாலும், நல்ல மனிதர், மகளைத் தூக்கிக்கொண்டு படகுப் பக்கம் நடந்தார். தங்கை மட்டும் நகரவில்லை. அக்கா அடுத்த பிள்ளைக்குத் தட்டை மேலே ஏற்றினார். இந்தத் தடவை போனால் இனி கைகூப்பும் பொம்மையும் வராது என்றுதான் நினைத்தார்.

“இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே” என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “வர முடியாதுன்னு ஒரு வார்த்தை. நான் வேற யாரையாவது கூப்பிட்டிருப்பேன். நீ வருவ, வருவன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அக்காவுக்கு நாத்தனார் ஞாபகமும் வந்தது, ஆட்டோ ஞாபகமும் வந்தது. சொல்லக் காரணங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

“சொல்லியிருக்கணும்” என்றார்.

அடுத்த பிள்ளை பாஸ். கதவைத் திறந்து அனுப்பினார். அதற்கடுத்த பிள்ளையும் பாஸ். தங்கை தூங்குகிறவனை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“கை விட்டுப் போகுது. இவனைக் கொஞ்சம் பிடிக்கிறியா?”

இரண்டு வயதுப் பையன். அக்கா அவனைத் தொட்டதே இல்லை. கைகள் தாமாக முன்னால் போய்விட்டன. கம்பத்தடியில் ஒரு சிறுமி குதிகாலை ஒட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். அக்கா கைகளை இழுத்துக்கொண்டார்.

“இப்ப முடியாதுடி. ஆள் மாத்த அரை மணி ஆகும்.”

தங்கை பையனை மீண்டும் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, “சரி, இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நிழலில் கிடந்த பெஞ்சுக்குப் போனாள். உட்கார்ந்து, தோள் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைக்காமல் கீழே வைத்தாள்.

அதற்குள் படகிலிருந்து தொப்பலாக நனைந்து, எல்லாப் பல்லும் தெரியப் பெரியவள் ஓடிவந்தாள். அடுத்த வருஷத்துக்குள் வளர்ந்துவிடுவேனா என்று கேட்டாள். வளந்துடுவ என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. “தெரியல கண்ணு. அப்ப வா, அளந்து பாப்போம்” என்றார். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை, ஐஸ்கிரீமுக்கு ஓடிவிட்டாள்.

இப்போதும் அக்கா ஒவ்வோர் உயரத்தையும் போனில் போட்டுத்தான் பார்க்கிறார். புள்ளிக்கு விரல் அதே மாதிரி அழுந்துகிறது. ஆனால் எல்லாருக்கும் திருப்பிக் காட்டுவதில்லை. பாதிப் பேரிடம் வாயாலேயே, “முடியாதுங்க” என்கிறார். சொன்ன பிறகு தானே ஒருமுறை மிரண்டு விழிக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள் வந்ததும் அக்கா குழாயடியில் முழங்கை வரை கை கழுவினார். சீருடைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். பையன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். தங்கை அவனை நீட்டினாள். அக்கா உடனே வாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் விளிம்பை, பையனை உறுத்துமோ என்று விரலால் தடவிப் பார்த்தார். அதைத் தலை வழியே கழற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். அப்புறம்தான் இரண்டு கைகளையும் நீட்டினார்.