நெற்றியோடு நின்ற படம்

நானா, என் அண்ணன், துபாயில் மவுத்தானபோது, மையத்து உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள். அவரோடு அறையில் தங்கியிருந்தவர் கபன் துணிக்குள் தெரிந்த முகத்தைப் படமெடுத்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். நானா உம்மாவுக்கு வருஷக்கணக்காக ஊர்ப்பக்கமே வராத பிள்ளை.

"மொகத்த ஒரு தடவ காட்டிடும்மா, போதும்" என்றார் உம்மா.

நான் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் டயல்-அப் இணைப்பு இருந்தது. மோடம் கொய்ங் என்று கத்தி, கரகரத்து, ஐம்பத்தாறு கே வேகத்தில் பிடித்தது. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. வெள்ளைத் துணி வந்தது, நெற்றி வந்தது, லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் நெற்றிதான்.

கடல் காற்றில் துருவேறிய கம்பி, இந்த வேகத்தைத் தாங்காது என்று நினைத்து முப்பத்துமூன்றுக்குக் குறைத்தேன். லைன் மோசமானால் எல்லோரும் செய்வது அதுதான். மெல்ல வந்தாலும் அறுந்துபோகாது. அன்றைக்குப் புருவம்கூட வரவில்லை. பதினாலுக்கு இறக்கினேன். எறும்பு ஊர்வதுபோல் வந்து, நெற்றியைத் தொடுமுன்பே நின்றது. கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் குதிரை! பாழாய்ப்போன மோடத்தைக் கிணற்றில் வீசலாம்போல இருந்தது.

அறுந்த கையோடு போன் அடிக்கும். எடுத்தால் நாகூரிலிருந்து மாமி. "பொறுத்துக்கங்க, அல்லாஹ் ஒங்களுக்கு சபூரக் குடுப்பாம்மா." அவர் வைத்தால் சாச்சி. மவுத்து வீட்டுக்கு வர முடியாதவர்கள் போனிலாவது துக்கம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஆயுசுக்கும் குறை.

சாச்சியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது காதில் 'பீப்' விழுந்ததும்தான் என் மரமண்டையில் உறைத்தது. லைன் அறுந்த பிறகு போன் வரவில்லை, போன் வந்ததால்தான் லைன் அறுந்தது. கால் வெயிட்டிங்! நான் நெட்டில் இருந்தாலும் மகன் கூப்பிட்டால் கிடைக்க வேண்டும் என்று உம்மாதான் அடம்பிடித்துப் போடவைத்தது. அடுத்த அழைப்புக்கான 'பீப்' நடுவில் விழுந்தால் மோடம் லைனை விட்டுவிடும். வேகத்தைக் குறைத்தால் நேரம் கூடும், அதற்குள் இன்னொருவர் துக்கம் கேட்க வந்துவிடுவார். நான்தான் படித்தவளாம்.

"உம்மா, கால் வெயிட்டிங்க நிறுத்திடவா? படம் வந்து முடியிற வரைக்கும் யாரு கூப்புட்டாலும் கெடைக்காது."

"இனிமே யாரும்மா கூப்புடணும் எனக்கு? நிறுத்து."

நிறுத்தினேன். படம் இந்த முறை நிற்காமல் இறங்கியது. புருவம், மூடிய கண், மூக்கு. எனக்குத் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதேன். உம்மா அழவில்லை. முகம் முழுவதும் வந்ததும் திரைக்குப் பக்கத்தில் குனிந்து விரலை வைத்தார்.

"தாடியெல்லாம் நரைச்சுக் கெடக்கே" என்றார். "போன்ல கொரலு அப்படியேதானே இருந்துச்சு. எம்புள்ளைக்கு வயசானது எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."