கிரேன் கேபினில் இரண்டு பேர்

இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மத்தியானம் நடந்தது. கண்ணைத் திறக்க முடியாத வெயிலில்.

அப்போது நான் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரையை ஒட்டி, கட்டடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும் கிரேன். அதன் அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டைக் கேபின் என்போம். உலைப்பக்கச் சுவரில் ஓர் இரும்பு ஏணி. அதில் ஏறி உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு உருகிய இரும்பு நிரம்பிய பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு, மறுகோடியில் வரிசையாக வைத்திருக்கும் அச்சுப் பெட்டிகளுக்கு முன்னால் சரியாக நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் வாளி பெட்டியில் மோதிச் சாய்ந்துவிடும்.

கீழே கை காட்டிக்கொண்டே முன்னால் நடப்பவன் என் மனைவியின் தம்பி. ஆள் உயரம் என்பதால் எல்லோருக்கும் நெட்டை. அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

அந்த வாரம் வெயில் ஊரையே வறுத்தெடுத்தது. ஆலைக்குள் கேட்கவே வேண்டாம். இது நடந்ததற்கு முந்தின நாள்தான் உலைப்பக்கம் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். என் கேபினில் ஏசி செத்துப்போயிருந்தது. ஃபோர்மேனிடம் போய் நின்றேன்.

“நாளைக்கு ஆள் வருதுப்பா. இன்னைக்கு ஒரு நாள் சமாளி.”

“சமாளிச்சுக்கறேன் சார். நல்லா வெந்ததும் இறக்கிப் பரிமாறிடுங்க.”

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் மேலே ஏறினேன்.

மணி இரண்டு நாற்பது. வாளி நிரம்பியது. நெட்டை கையை உயர்த்தினான். லீவரை முன்னால் தள்ளினேன். பழைய ரகக் கிரேன் அது. லீவரை நாமாகப் பின்னால் இழுக்காதவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

பாதி தூரம் போயிருப்பேன். அதுவரை தொப்பலாக நனைந்திருந்த என் சட்டை காய்ந்துபோயிருந்தது. வேர்வையே இல்லை. உடம்பு லேசாக நடுங்கியது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டங்... டங்... டங்...

ஏணியில் யாரோ ஏறும் சத்தம். சாவதானமாக, ஒவ்வொரு படியாக.

யாராவது தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஏணி உலைப்பக்கச் சுவரில் இருக்கிறது. நான் அதைவிட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டேன். என் காலுக்குக் கீழே வெறும் காற்று.

டங்... டங்...

சத்தம் நின்றது. என் முதுகுக்குப் பின்னால்.

துணி கருகும் வாடை. கூடவே வேறொரு வாடை... அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரும்ப முயன்றேன். கழுத்து திரும்பவில்லை.

“நிறுத்து.”

தொண்டை வறண்ட குரல். காதோடு.

கை அசையவில்லை.

“நிறுத்து...”

என் கைகளின் மேல் இரண்டு கைகள் வந்து படிந்தன.

கொதித்தன.

லீவர் பின்னால் வந்தது.

நான் இழுக்கவில்லை.

கண் விழித்தது மருத்துவமனையில். பக்கத்துக் கட்டிலில் நெட்டை, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டான்.

“நடந்துக்கிட்டே இருந்தேன் மாமா. பெட்டிக்குப் பக்கத்துல போனதும் காலு மடங்கிருச்சு. எந்திரிக்க முடியலை. வாளி வருது. மேலே பாத்தா, நீங்க கண்ணாடியில தலை சாஞ்சு கிடக்கறீங்க. நிறுத்துங்கன்னு கத்துறேன், வாயிலேருந்து சத்தமே வரலை...”

“நான் முழிச்சுத்தான்டா இருந்தேன்.”

“இல்லை மாமா. நீங்க பாதி வழியிலயே விழுந்துட்டீங்க.”

“அப்புறம் யாருடா நிறுத்துனது?”

அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

“உங்க பின்னாடி நின்னாரே... கட்டையா ஒருத்தர். அவருதான்.”

வாளி அவன் தலைக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. என்னை வெளியே எடுக்கக் கேபின் கதவை உடைத்தார்களாம். தாழ் உள்பக்கம் போட்டபடியே இருந்ததாம். என் புறங்கைகளில் வரிவரியாகக் கொப்புளம். கைக்கு நாலு வரி. “சூடா எதைத் தொட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார். நான் எதையும் தொடவில்லை.

ஃபோர்மேன் பார்க்க வந்தார். நெட்டை சொன்னதைக் கேட்டவர் முகம் வெளுத்தது. எனக்கு முன்பு அந்தக் கிரேனை ஓட்டியவரின் முகவரியைச் சொல்லிவிட்டு, உட்காராமலேயே போய்விட்டார்.

உடம்பு தேறியதும் அந்தப் பழைய டிரைவரைத் தேடிப் போனேன். ஜன்னலெல்லாம் சாத்திய சின்ன வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்.

“இதே மாதிரி ஒரு கோடை. நானும் மேலே மயங்கிட்டேன். வாளி நிக்கலை. பெட்டியில மோதி அப்படியே சாஞ்சுருச்சு. கீழே என் கூட்டாளி. கை காட்டுறவன். கடைசிவரைக்கும் நிறுத்து, நிறுத்துன்னு கத்துனானாம். ஆலையில எல்லாருக்கும் கேட்டிருக்கு. எனக்கு மட்டும் கேக்கலை.”

நான் என் புறங்கைகளைக் காட்டினேன்.

“உன்கிட்ட பேசினானா?” என்றார் திடீரென்று. குரலில் ஏதோ ஏக்கம்.

“ஆமாண்ணே.”

“என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்.”

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று டம்ளர். ஒன்றை அவரிடம் கொடுத்தார். ஒன்றை என்னிடம். இன்னொன்றை, என் பக்கத்தில் இருந்த காலி நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்தார்.

“நீங்க குடிக்கலையாக்கா?”

“நான் உள்ளேயே குடிச்சுட்டேன் தம்பி.”

பெரியவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. அவன் காலை நீட்டணும்.”