தலைமையாசிரியரின் கடவுச்சொல்

ரூபினி டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயது. சுங்கை பினாங் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பதினேழு வருடமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் ஃபெர்ரி ஏறி வந்து சாயங்காலம் ஃபெர்ரி ஏறிப் போகிறவள். இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பள்ளியின் நிர்வாகம் முழுவதையும் பார்த்தவளும் அவள்தான். ஆனால் எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் அதற்கு அத்தாட்சி கிடைக்காது.

ஆறு வருடத்துக்கு முன் மோகனராஜ் அங்கே தலைமையாசிரியராக வந்தார். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. முந்நூறு பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். சண்டைக்கு வரும் பெற்றோரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார். கணினி என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். வந்த இரண்டாவது வாரமே ரூபினியைக் கூப்பிட்டு, பள்ளி அறிக்கைகளை அனுப்பும் அரசாங்க இணையத் தளத்தைக் காட்டி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

“டீச்சர், இது என் ஐடி, இது பாஸ்வேர்ட். நீங்களே உள்ள போயி என்னா வேணுமோ செஞ்சிருங்க லா. எனக்கு இதெல்லாம் பாத்தாலே தலைய சுத்துது.”

கடவுச்சொல்லை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வருடா வருடம் வரும். அதைத் தலைமையாசிரியர் பெயரில் திறந்து, படித்தாயிற்று என்று பதில் அனுப்புகிறவளும் ரூபினிதான். அவளுக்குத் தெரிந்த நாலைந்து பள்ளிகளிலும் இதே கூத்துதான். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. நம்பிக்கை என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தனை ஆசிரியர்களில் தன்னை மட்டும் நம்பினாரே என்று ரூபினிக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. அசடு!

மாணவர் வருகை, பாடநூல் கணக்கு, தேர்வு அறிக்கை, பழுதான கணினிகளின் பட்டியல், மாவட்டத்துக்குப் போகும் ஆண்டுத் திட்டம் எல்லாம் அவள் கையால் நேரத்துக்குப் போயின. எல்லாவற்றுக்கும் கீழே மோகனராஜ் என்ற பெயர் இருந்தது. அறிக்கை தாமதமாகாத பள்ளி என்று நல்ல பெயர் வந்தது. அந்தப் பெயரும் அவருக்கே போனது.

பிறகு, பள்ளி நிர்வாகிகளுக்கான தொழில்நுட்பத் தலைமைத்துவம் என்று மூன்று நாள் பயிற்சி ஒன்று வந்தது. பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊரில், கடலைப் பார்த்த ஹோட்டல். மோகனராஜ் போனார். கேள்விகளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். ரூபினி ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டே பதில் அனுப்பினாள். அவருக்கு முதல் நிலைச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த வருடம் முன்னோடித் தலைமையாசிரியர் என்று மேடை ஏற்றிப் பேசச் சொன்னார்கள். திரையில் காட்டிய படங்கள் அவள் செய்தவை, பேச்சும் அவள் எழுதியது. கடைசி வரியில் ‘என் ஆசிரியர்களுக்கு நன்றி’ என்று அவளே சேர்த்திருந்தாள். அவர் நேரமில்லை என்று அதைப் படிக்காமலேயே இறங்கிவிட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆசிரியர்களின் ஆண்டு மதிப்பீடும் தலைமையாசிரியரின் அதே இணையக் கணக்கில்தான் போட வேண்டும். “எல்லாருக்கும் பாத்து நல்லா போட்டுருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு அவர் விளையாட்டுப் போட்டியைப் பார்க்கப் போய்விட்டார். இருபத்து மூன்று பேரின் மதிப்பெண் அவள் விரல் நுனியில் இருந்தது. நோய்விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த இளைய ஆசிரியை அதிராவுக்கு, பாவம் என்று தொண்ணூற்று ஐந்து போட்டாள். மற்றவர்களுக்கும் தாராளமாகவே போட்டாள். தன் பெயர் வந்ததும் கை நின்றது. பாஸ்வேர்ட் கையில் இருக்கிறது என்று தனக்கே அள்ளிப் போட்டுக்கொண்டாள் என யாராவது பேசினால்? எண்பத்து இரண்டு என்று தட்டினாள். பள்ளியிலேயே அதுதான் குறைந்த மதிப்பெண். அப்படி மூன்று வருடம் போட்டாள். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

போன மார்ச்சில் நிபோங் திபாலில் ஒரு சிறிய பள்ளிக்குத் தலைமையாசிரியர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்தப் பள்ளிக்கு அவள் ஒருமுறை போயிருக்கிறாள். புதிய கணினிகள் துணியால் மூடிக் கிடந்தன. திறக்கத் தெரிந்த ஒரே ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டாராம். அந்தப் பள்ளி தனக்கு வேண்டும் என்று ரூபினி அன்றைக்கே ஆசைப்பட்டாள். பதினேழு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான். விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வில் சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டாள்: என் பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வேலையைத் தாமே செய்யக் கற்பார்கள், யாரும் அடுத்தவர் பெயரில் உள்ளே போக மாட்டார்கள்.

தேர்வுக் குழுவின் தலைவி ரோஹானா என்ற அதிகாரி. பண்பானவர். திரையைப் பார்த்துவிட்டு மெதுவாக மலாயில் கேட்டார். கணினிப் பொறுப்பாசிரியை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்தில் உங்கள் கணக்கிலிருந்து ஓர் அறிக்கைகூடப் போகவில்லையே? மதிப்பெண்ணும் பள்ளியிலேயே கடைசியாக இருக்கிறதே?

ரூபினி உண்மையைச் சொன்னால் அவளுக்கும் தலைமையாசிரியருக்கும் ஒழுங்கு நடவடிக்கை. மோகனராஜ் ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. மனப்பாடம் செய்த வாக்கியத்தை எந்த வாயால் சொல்வது? விண்ணப்பக் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“மனம் தளராதீர்கள். உங்கள் தலைமையாசிரியர் இந்தத் துறையில் முன்னோடி. அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார்.

பதவி, அதற்கே விண்ணப்பித்திருந்த அதிராவுக்குக் கிடைத்தது. அவள் லட்டுப் பெட்டியோடு ஓடி வந்து ரூபினியைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, என்னால நம்பவே முடியல! ஆனா அந்த சிஸ்டம்லாம் எனக்கு ஒண்ணும் புரியாதுக்கா. ஃபோன் பண்ணா நீங்க செஞ்சி குடுத்துருவீங்க தானே?”

ரூபினி லட்டை வாங்கிக்கொண்டு, வகுப்பு இருக்கிறது என்று நகர்ந்துவிட்டாள். அப்போது அவளுக்கு வகுப்பு எதுவும் இல்லை. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இந்த ஆறு வருடத்தில் அவர் முன்னால் குரல் உயர்த்தியது அன்றுதான்.

“சார், ஆறு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லா வேலையும் நான்தான் செஞ்சேன். எல்லாம் ஒங்க பேர்ல போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

மோகனராஜ் பதறிப்போனார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“நான் சொன்னேன்மா! இந்தப் பள்ளிக்கூடத்துக்கே ரூபினிதான் தூண்னு அந்த ரோஹானா மேடம்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். அவங்க உடனே மார்க்க காட்டுறாங்க. ‘நீங்களே எண்பத்து ரெண்டு போட்டுட்டு இப்ப இப்படிச் சொல்றீங்களே’ன்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்ல? அதுக்கு முன்னாடி நான் அந்த மார்க்க பாத்ததே இல்லம்மா.” கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன. “ஏம்மா அப்படி போட்டீங்க? நான் போட்டிருந்தா ஒங்களுக்கு நூறு போட்டிருப்பேன்.”

போட்டிருப்பார். அதில் ரூபினிக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை, காலமெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பாள். இப்போது திட்டுவதற்கும் ஆள் இல்லாமல், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.