தீபாவளி வரை தவணை வாங்கிய திராட்சைக்கொடி

"…அதுவரைக்கும் பந்தல் மேல கை வைக்காதீங்க மாமா. தீபாவளிக்குள்ள ஒரு கொத்தாவது கண்ணுல படலேன்னா, கடப்பாரையை நானே எடுத்துத் தாரேன்!"

சொன்னது என் சித்தி. கேட்டுக்கொண்டு நின்றவர் அப்பா. புனே பக்கம் நிக்டியில் எங்கள் வீட்டு வாசலில் திராட்சைப் பந்தல் நின்ற இடம்தான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது. தீபாவளியை ஒட்டி வரும் பாட்வா நாளில் புது வண்டி எடுப்பது இந்த ஊர் வழக்கம். எங்கள் வீட்டுக்கும் கார் வரப்போகிறது. நிறுத்த இடம் வேண்டாமா?

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. சித்தி கம்பத்துக்காரி. அங்கே எந்த மாதம் வெட்டினாலும் கொடி காய்க்குமாம். அந்தத் தைரியத்தில் முந்தின வருடம் ஆடியில் வெட்டிவிட்டாள். வந்த பூவையெல்லாம் புனே மழை அழுகவைத்துக் கொட்டியது. "கம்பத்துக் கைராசி ரயில்ல வர்ற வழியில ஏதோ ஸ்டேஷன்லயே இறங்கிப் போச்சு போல" என்று சித்தப்பாவே கேலி செய்தார். சித்தி அதற்கும் சிரித்தாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா காகுவிடம் போய் விசாரித்தாள். காகு சாங்லிப் பக்கம் திராட்சைத் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். மழை ஓயட்டும், தசரா கழியட்டும், அப்புறம் கத்தரியை எடு என்றாள்.

தசராவுக்கு மறுநாள் சித்தி ஸ்டூலில் ஏறினாள். குச்சிக்குச் சில கணுக்களை மட்டும் விட்டு வெட்டினாள். மிச்ச இலைகளையும் உருவிப் போட்டு, பழைய புடவைக் கிழிசலால் குச்சிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். சாயங்காலம் பந்தலில் வானம்தான் இருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா வாசலை இப்பிடி மொட்டையடிச்சு வச்சிருக்கியேடி!" என்று அம்மா அங்கலாய்த்தாள். அப்பாவோ டேப்பைக் கொண்டுவந்து இடத்தை அளந்துகொண்டார். நான் வெட்டுண்ட கொடிகளைப் பாவாடையில் அள்ளிவைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை பேர் பேச்சையும் வாங்கிக்கொண்டு ஒருத்தி நிம்மதியாகத் தோசை வார்க்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீபாவளியன்று அப்பா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கக் காத்திருந்தார்.

"மாமா, ஓடியாங்க!"

துண்டோடு ஓடிவந்து அண்ணாந்தார். துளிர்த்த இலைகளுக்கு நடுவே, கடுகைக் கோத்து வைத்தாற்போலப் பச்சைக் கொத்துகள். குச்சிக்குக் குச்சி! கண்ணில் எண்ணெய் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"சரி, கார் ரோட்டுலயே நிக்கட்டும்" என்றார்.

"அரே வா!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து காகு கை தட்டினாள். நானும் தட்டினேன்.

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தொட்டுக் கொஞ்சப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒரு கொத்தை விட்டு ஒரு கொத்தாக நகத்தால் கிள்ளிக் கீழே போட ஆரம்பித்தாள்.

"வேணாம் சித்தி, பாவம்!" என்று ஸ்டூல் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டேன். வீடே எதிர்த்தபோது மல்லுக்கட்டிக் காப்பாற்றியவள், ஜெயித்த பிறகு ஏன் கிள்ளுகிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. "எல்லாத்தையும் விட்டா ஒண்ணும் பெருக்காதுடி கண்ணு" என்று சித்தி குனிந்து, என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, அடுத்த கொத்தைக் கிள்ளினாள்.