விசில் டீச்சர் மறுத்த தரை

அந்தப் பள்ளியில் அவரை எல்லோரும் விசில் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வருடமாக விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கணவரும் மகளும் மட்டும்தான். மகளைக் கேட்டால் அதுவும் சந்தேகம் என்பாள்.

மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்குவார். இருபத்திரண்டு வயதில் கைப்பந்து ஆடும்போது, வழவழப்பான ஒரு தரையில் வலது கால் சறுக்கி, முட்டிக்குள் ஏதோ அறுந்துபோனது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடிந்தது, ஆட முடியவில்லை. யாராவது கேட்டால், "முட்டி கொஞ்சம் முரண்டு பிடிக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

பள்ளியில் உள்விளையாட்டு அரங்கம் கட்டினார்கள். கூரையும் சுவரும் முடிந்து, தரை மட்டும் வெறும் சிமென்டாகக் கிடந்தது. அந்த நேரத்தில், பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா, பெரிய கல் வியாபாரி, அரங்கம் முழுக்கப் பளபளக்கும் கல் பதித்துத் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம், வாசலில் தன் பெயர் இருந்தால் போதும் என்றார். தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு தாள்தான் பாக்கி. 'இந்தத் தரை விளையாட்டுக்கு ஏற்றது' என்று விளையாட்டு ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

வியாபாரி அனுப்பிய மாதிரிக் கல்லை டீச்சர் குழாயடிக்குக் கொண்டுபோனார். கையை நனைத்து நாலு சொட்டுத் தெளித்து, கேன்வாஸ் ஷூவோடு ஏறி நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளை அப்படியே தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன டீச்சர், பேனா எழுதலையா?"

"பேனா எழுதுது சார். நான்தான் எழுதல. ஓடுற பிள்ளை சட்டுனு திரும்புனா கால் நிக்கணும். குதிச்சு இறங்குனா அந்த அடியைத் தரை கொஞ்சம் வாங்கிக்கணும். இந்தக் கல்லு ரெண்டும் செய்யாது. வேர்வை சொட்டினாலே வழுக்கும்."

"அப்போ மரத்தரை கேக்கறீங்களா?"

"ஆசைதான். ஆனா நம்ம ஜன்னல் வழியா சாரல் அடிக்குது. மரம் ஈரத்தைக் குடிச்சா உப்பிக்கும், பலகை தூக்கிக்கும். அடியில நுரை வெச்ச வினைல் விரிப்பு போதும் சார். பரீட்சைக்கு நாற்காலி போட்டாலும், கால்ல ரப்பர் மாட்டிட்டா தாங்கும்."

"சும்மா வர்றதை வேண்டாம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்."

மறுநாள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவர் பதிலை இரண்டே வரியில் எழுதினார். 'இந்தத் தரையில் என் மகளை ஓடச் சொல்ல மாட்டேன். ஆகவே பிறர் பிள்ளைகளையும் ஓடச் சொல்ல இயலாது.' கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"வேலைக்கு ஏதும் வந்துடாதே?" என்றார்.

"வந்தா வரட்டும்."

"சரி. ஒரு பிழையும் இல்ல. அப்படியே குடு."

அந்த இரண்டு வரியைப் படித்த தலைமையாசிரியர், கல்காரரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வரச் சொன்னார். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் டீச்சர் போனார். கடை வாசலில் குடையை மடக்குவதற்குள் ஒரு பணியாள் ஓடிவந்தார்.

"பார்த்து வாங்க மேடம், தரை வழுக்கும். இந்த ரப்பர் பாய் மேலேயே நடங்க."

கடைக்குள் முகம் பார்க்கலாம் போல மின்னியது தரை. வாசலிலிருந்து கல்லா வரைக்கும் அதன் மேல் கறுப்பு ரப்பர் பாய் நீளமாக விரித்திருந்தார்கள். டீச்சர் அதன்மேலேயே நடந்து முதலாளி முன்னால் போய் நின்றார்.

"உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா அதுக்கு வருத்தப்படறேன் சார். கையெழுத்துப் போடாததுக்கு வருத்தப்படல. இந்தப் பாய் எதுக்கு?"

"மழை நாள்ல யாரும் விழுந்துடக் கூடாதுன்னு."

"உங்க கடைக்கு வர்றவங்க நடந்துதான் வர்றாங்க. அவங்களுக்கே பாய் வேணும். எங்க பிள்ளைங்க ஓடுவாங்க சார்."

முதலாளி கல்லாவை இழுத்து மூடினார். பிறகு, "கல்லு வேண்டாம்னா என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பினார். வெளியே வந்தபோது குடையை விரிக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

கல்காரர் பின்வாங்கிவிட்டார். எட்டு மாதம் அரங்கம் பூட்டியே கிடந்தது. ஆசிரியர் அறையில் டீச்சர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். "உங்களால கெட்டது" என்று கணக்கு ஆசிரியை முகத்துக்கு நேராகவே சொன்னார். விளையாட்டுத் துறைப் பொறுப்பை டீச்சரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். டீச்சர் விசிலை ஊதிக்கொண்டு, மைதானத்துச் சேற்றில் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருந்தார். பெற்றோர் கூட்டம் நடந்த ஒவ்வொரு தடவையும் எழுந்து அதே வினைல் விரிப்பைக் கேட்டார். மூன்றாவது கூட்டத்தில், அவர் வாய் திறப்பதற்கு முன்னால் பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். பேருந்து நடத்துனர்.

"அந்த டீச்சர் கேக்கறதைத்தான் போடுங்களேன். விழுந்தா நாங்கதானே தூக்கணும்" என்றார்.

கடைசியில், பார்வையாளர் மேடையைக் கட்டாமல் விட்டுவிட்டு, அதற்கு ஒதுக்கிய பணத்தில் விரிப்பு வாங்கினார்கள். டீச்சரிடம் பறித்த பொறுப்பு திரும்பி வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

விரிப்பு ஒட்டி முடித்த அன்று அவர் தனியாக உள்ளே போனார். விசிலைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாலடி ஓடி, சட்டென்று திரும்பினார். கால் நின்றது. முட்டி வலித்தது; இன்னொரு தடவை ஓடினார்.

திறப்பு நாளில், வந்த விருந்தினரோடு தலைமையாசிரியர் தோல் ஷூ டக்டக்கென்று ஒலிக்க அரங்கத்துக்கு வந்தார். டீச்சர் கதவில் கை வைத்து மறித்தார்.

"ஷூவைக் கழட்டுங்க சார். விரிப்பு கீறிடும்."

"டீச்சர், விருந்தினர்…"

"அவரும்தான்."

இருவரும் குனிந்து கயிற்றை அவிழ்த்தார்கள். விருந்தினரின் இடது காலுறையில் ஓர் ஓட்டை இருந்தது. டீச்சர் அதைப் பார்க்காதது மாதிரி உள்பக்கம் திரும்பி விசிலை ஊதினார்.