பறப்பவனுக்குப் பொருந்தாது

மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், விமானத்தைக் கிளப்புமுன் ரேடியோவில் ஒரு கேள்வி வந்தது. "சோல்ஸ் ஆன் போர்ட்?" பயணிகள் எத்தனை என்று கேட்கவில்லை; உயிர்கள் எத்தனை என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன். "உங்களையும் சேர்த்தா, கேப்டன்?" என்றது அந்தக் குரல். நான் என்னைச் சேர்த்திருக்கவில்லை. ஊரில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஒற்றை இருக்கை விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அங்கே யாரும் என்னிடம் உயிர்க் கணக்குக் கேட்டதில்லை. அவசரமாகப் பத்து என்று திருத்தினேன். அதன் பிறகு தினமும் காலையில் அந்தக் கேள்வி வரும்; தினமும் பத்து என்பேன். பாலைவனத்தில் எண்ணெய் தோண்டும் முகாம்களுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, வேலை முடித்தவர்களை ஏற்றிவருவதுதான் என் பிழைப்பு. இறங்குமிடம் என்பது உருளை போட்டு இறுக்கிய மணல் பாதை. அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வறட்சி பழக வெகு நாளாயிற்று. எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தது. அப்பா யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்ப்பவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். மழைக்காலத்தில் சுவர்கூட ஈரத்தில் ஊறிக் கிடக்கும் ஊர். இங்கேயோ கழுவிய கையை உதறுவதற்குள் காய்ந்துவிடுகிறது. திருப்பூணித்துறையில் பிறந்த என் மனைவி சரஸ்வதிக்கு இதையெல்லாம் வேடிக்கையாகக் கடிதங்களில் எழுதுவேன். பயங்களை எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியில் என்னோடு பறந்த கோவாக்காரர் ஒருவர் புழுதிப் புயலில் மலையில் மோதி இறந்தார். அவருடைய பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பும் வேலை எனக்கு வந்தது. சட்டைகள், சவரக் கத்தி, மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு பொம்மை. இதை எப்படியோ சரஸ்வதிக்கு எழுதிவிட்டேன். பதில் கடிதத்தில் வேறு விசேஷமே இல்லை. "உங்க பேர்ல இன்ஷூரன்ஸ் உண்டா? உடனே எழுதுங்க" என்று மட்டும் இருந்தது.

இல்லை. கம்பெனியின் ஏற்பாடு ஐரோப்பாவில் வேலைக்கு எடுத்தவர்களுக்கு மட்டும்தான். மஸ்கட்டில் இன்ஷூரன்ஸ் அலுவலகம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயரிடம் போனேன். மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "இது முடிந்ததும் எங்கே போவீர்கள்?" என்று கேட்டார். "எங்கள் வழக்கப்படி எரித்துவிடுவார்கள்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வேலை ஒப்பந்தம் முடிந்ததும் எந்த நாட்டுக்குத் திரும்புவேன் என்றுதான் கேட்டிருக்கிறார். இந்தியா என்றதும், நிரந்தர வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இன்ஷூரன்ஸ் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் அது நடந்தது. பட்டப்பகல், தெளிந்த வானம். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். இடது கைவிரல்கள் மரத்தன. எதிரே உயரமும் வேகமும் காட்டும் வட்டங்களின் முட்கள் எதைக் காட்டுகின்றன என்பது திடீரென்று புரியாமல் போயிற்று. படிக்கத் தெரியாத மொழியைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எதுவும் இல்லை. நினைவு வந்தபோது இடது இறக்கை சரிந்திருந்தது. ஐந்நூறு அடி கீழே வந்திருந்தோம். கை தானாக நிமிர்த்தியது. துணை பைலட் இல்லாத சின்ன விமானம்; பக்கத்து இருக்கையிலிருந்த திருச்சூர்க்கார ஃபோர்மேன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சாரே, உறங்கிப்போயோ?"

"இல்ல சேட்டா, கீழே ஒரு வண்டி தெரிஞ்சது. பார்த்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். பின்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் தூக்கம். யாருக்கும் எதுவும் தெரியாது. இறக்கிவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து தலையை நனைத்தேன். டாக்டரிடம் சொன்னால் அன்றே லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் விசா போகும். சொல்லவில்லை. விடுமுறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் பறந்தேன். கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டே பறந்தேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். கேப்டன் நல்ல பேச்சுத்துணை என்று முகாமில் எனக்குப் பெயர் வந்தது. இன்றுவரை வெட்கத்தோடு நினைப்பது அந்தப் பன்னிரண்டு நாட்களைத்தான்.

மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்றாம் நாள் சரஸ்வதி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டை வரவழைத்துவிட்டாள். ஜோசப் சேட்டன் எங்கள் தெருவில் பாதிப்பேருக்குப் பாலிசி போட்டுக்கொடுத்தவர். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, சாயாவை உறிஞ்சியபடி என் வேலையைக் கேட்டார். பைலட் என்றேன்.

"நல்லது, நல்லது. போர்ட்டிலல்லே? ஏது கப்பல்?"

கொச்சியில் பைலட் என்றால் துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டிக் கொண்டுவருபவர். தவறு அவருடையதல்ல. "கப்பல் இல்லை சேட்டா, விமானம். ஓமானில்" என்றேன். சாயா கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அய்யோ, விமானமோ! அது ஆதியமே பறயண்டே!" என்று, முதலிலேயே சொல்லாததற்குக் கடிந்தபடி, எடுத்த படிவத்தைப் பையில் திரும்ப வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். சாதாரணப் பாலிசி எடுக்கலாம். ஆனால் அதில் ஒரு வரி உண்டு. விமானத்தில் டிக்கெட் வாங்கிப் போகும்போது இறந்தால் பணம் கிடைக்கும். விமானத்தை ஓட்டும்போது இறந்தால் அது பொருந்தாது.

"அப்போ இவர் குளிமுறியில வழுக்கி விழுந்தாத்தான் பணமா?" என்றாள் சரஸ்வதி.

ஓட்டுபவனுக்கும் பொருந்தும்படி எடுக்க வழி உண்டு, பம்பாய் அலுவலகம் தனியாக அனுமதிக்க வேண்டும், அதற்கு முதலில் டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றார் அவர். சரஸ்வதி உடனே நாள் குறித்துவிட்டாள்.

சுள்ளிக்கல்லில் டாக்டர் பத்மாவதியின் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. இரத்த அழுத்தம், நெஞ்சு, கண் எல்லாம் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. பிறகு படிவத்தை எடுத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். சரஸ்வதி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தலகறக்கம், போதம் கெடல், அங்ஙனெ எந்தெங்கிலும்?" தலைசுற்றல், நினைவு தப்புதல் ஏதாவது உண்டா என்கிறார்.

"இல்லை."

என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது. அவர் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தைத் திருப்பினார். கோட்டுக்கு மேலே சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேலே சொன்னதெல்லாம் உண்மை. ஏதாவது பொய்யென்று தெரிந்தால் இந்த ஒப்பந்தம் செல்லாது. பேனாவைப் பிடித்தேன். நான் விழுந்து செத்தால் இந்தக் காகிதம் இவளுக்கு உதவாது என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் முழுசாக வந்தது. என்னோடு ஒன்பது பேர் விழுவார்கள். திருச்சூர்க்காரர் குனிந்து பார்த்த முகம் கண்முன் நின்றது. பேனா நகரவில்லை.

"எந்தா, கேப்டன்?" என்றார் டாக்டர்.

"ஒரு தடவை உண்டாச்சு, டாக்டர்" என்றேன். முட்கள் புரியாமல் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. முடித்த பிறகும் சரஸ்வதி பக்கம் திரும்பவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பிளேன்ல எத்தனை பேர் இருந்தா?" என்று கேட்டாள்.

"ஒன்பது பேர்."

"அதுக்கப்புறமும் ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள். டாக்டர் படிவத்தை நான்காக மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "இன்ஷூரன்ஸ் பின்னெ நோக்காம். இனி பறக்கண்டா" என்றார்; இன்ஷூரன்ஸைப் பிறகு பார்க்கலாம், இனிப் பறக்க வேண்டாம். அதட்டவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு அழுகை வெடித்து வந்தது.

மறுநாள் படகேறி எர்ணாகுளம் போனோம். தலையில் கம்பிகளை ஒட்டிச் சோதனை எடுத்தார்கள். படகில் போகும்போதும் வரும்போதும் சரஸ்வதி என் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தாள். மூளையில் சின்னக் கோளாறு, மாத்திரையில் அடங்கும், ஆனால் விமானம் ஓட்டக் கூடாது என்று முடிவு வந்தது. கம்பெனிக்கு நான் எழுதவேண்டிய கடிதத்தை அவளே பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாள். பன்னிரண்டு நாட்களையும் சேர்த்து எழுதச் சொன்னாள். பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். கண்டிப்பான கடிதம்தான் வந்தது. ஆனாலும் கடைசிப் பத்தியில், தரையில் விமானங்களை அனுப்பிவைக்கும் மேசையில் ஓர் இடம் இருப்பதாகவும், சம்மதமானால் வரலாம் என்றும் இருந்தது.

போனேன். மேசையில் உட்கார்ந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தது தவறு. முன்பு ஒரு விமானத்துக்குப் பயந்தேன். இப்போது நான்குக்குப் பயப்படுகிறேன். ஒவ்வொன்றும் இறங்கிவிட்டதாகக் குரல் வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். தூங்கி எழுந்த கண்களோடு வரும் இளம் பைலட்டுகளை வேண்டுமென்றே பேச்சுக்கு இழுத்து, முகத்தை உற்றுப் பார்ப்பேன். இரண்டு வருடம் மறுபடி மயக்கம் வராததால், ஜோசப் சேட்டன் பம்பாய்க்கு விடாமல் எழுதி எனக்குச் சாதாரணப் பாலிசி ஒன்று வாங்கித் தந்தார். மட்டாஞ்சேரியிலிருந்து வளைகுடா போகும் தம்பிகளே, அந்தக் கோட்டுக்கு மேலேயிருக்கும் இரண்டு வரிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

சென்ற விடுமுறையில் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த விமானத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தேன். காயலுக்கு மேல் திரும்பியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். "நாடு எத்தி", ஊர் வந்துவிட்டது என்றார் யாரோ. மட்டாஞ்சேரியின் ஓட்டுக் கூரைகள் நனைந்து பளபளத்தன. மீன்வலைகள் தெரிந்தன. எங்கள் தெருவைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். கண்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. என் இரண்டு பாதங்கள் மட்டும் இருக்கைக்குக் கீழே வெறும் தரையை, பைலட் விமானத்தைத் திருப்பும் கால்மிதிகளென்று நினைத்து, மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன, எங்கோ ஒரு மணல் பாதையில் விமானத்தை நேராக இறக்கப் பார்ப்பதுபோல.