சுருக்கிக் கேட்ட கேள்வி

செட்டிபாளையத்தில் நானும் கணவரும் சிறிய ஸ்டூடியோ நடத்துகிறோம். மண்டூரில் ஒரு கலியாணம் எடுத்தோம். கணினியில் நல்ல படங்களை ‘மண்டூர்’ என்ற கோப்புறையிலும், கண் மூடியவை, மங்கியவை எல்லாவற்றையும் ‘மண்டூர் கழிவு’ என்பதிலும் போட்டிருந்தேன்.

கழிவுக் கோப்புறைகளை அழிக்கச் சின்ன ஸ்கிரிப்ட் வேண்டுமென்று இணையத்தில் நிரல் எழுதுவோர் குழுவில் கேட்டேன். ஊர்ப் பெயரெல்லாம் எதற்கு என்று, கேள்வியில் ‘படக்கழிவு’ என ஒரே சொல்லாகப் போட்டேன். ஏறாவூர் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்போம், உடனே எழுதித் தந்தார். அதில் ‘படக்கழிவு’ இருந்த இடத்தில் ‘மண்டூர் கழிவு’ என்று மாற்றிப்போட்டு ஓட்டினேன்.

நல்ல படங்கள் போய்விட்டன. கழிவு அப்படியே இருந்தது. திரை முழுக்கக் கண்ணை மூடிய மாப்பிள்ளை!

பதறிப்போய்க் குழுவில் எழுதினேன். “தங்கச்சி, நீங்க தந்த பேருல இடைவெளி இல்லையே? இடைவெளி இருந்தா அதை ‘மண்டூர்’, ‘கழிவு’ எண்டு ரெண்டு பேரா எடுத்து, முதல் பேரை அழிச்சிரும்,” என்றார் நானா. அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

கிரானில் அடுத்த கலியாணத்துக்குப் போயிருந்த கணவரை அழைத்தேன்.

“மண்டூர்ப் படம் கமரா கார்டுல இன்னும் கிடக்கா?”

“ஓம். இப்பதான் அழிக்கப் போறன். ஏன் புள்ள?”

“ஐயோ, தொடாதீங்க! கழட்டி வைங்க!”

அன்று அவர் இரவல் கார்டில் படமெடுத்தார்.

இப்போது நான் கேள்வியை அழகுபடுத்துவதில்லை; பெயர்களை உள்ளபடியே ஒட்டுகிறேன். எதை அழிக்கப்போகிறது என்று முதலில் திரையில் காட்டவும் வைக்கிறேன்.

மண்டூர் கழிவு மட்டும் இன்னும் கணினியில் கிடக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.